ஆறரைக்குப் பிறகும் டொக்டர் இருக்கிறார்

"எனக்கு எங்க தம்பி நேரம்? நான் வேலை முடிஞ்சு வர சேர்ஜரி பூட்டியிருக்கும்."

ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் நான் பழகுகிற ஆட்களிடம் உடம்பைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். பெற்றோல் செட்டில் நிற்பவர், சொந்தக் கடை வைத்திருப்பவர், முதியோர் இல்லத்தில் விடிய ஏழு மணிக்கே ஷிப்ட் தொடங்கும் அக்கா, டெலிவரி வான் ஓட்டும் பொடியன் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். காலை எட்டு மணிக்குச் சேர்ஜரி திறக்கும்போதும் வேலையில் நிற்கிறார்கள், ஆறரைக்கு அது பூட்டும்போதும் வேலையில்தான் நிற்கிறார்கள். இந்த நாட்டுச் சட்டத்தில் கர்ப்பிணிகளுக்குத்தான் பரிசோதனைக்குச் சம்பளத்தோடு நேரம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மற்றவர்களுக்கு டொக்டரிடம் போக நேரம் கிடைப்பது வேலை ஒப்பந்தத்தையும் முதலாளியின் மனதையும் பொறுத்தது. மணித்தியாலக் கணக்கில் சம்பளம் எடுப்பவர் ஒரு பகலை விட்டால் அந்தப் பகலின் காசையும் விட வேண்டும். ஆகவே அவர் சலரோகத்தைத்தான் தள்ளிப் போடுகிறார்.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் ஆறரைக்குப் பிறகும் அப்பொயின்ட்மென்ட் இருக்கிறது. சனிக்கிழமையும் இருக்கிறது. அதற்குக் காசு இல்லை. எந்த ஜீபீயில் பதிந்திருந்தாலும் உங்களுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். நம் ஆட்கள் கேட்பதில்லை.

முதலில் இது எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1948 இல் என்.எச்.எஸ். தொடங்கியதிலிருந்து குடும்ப டொக்டர்தான் இரவு பகல் பாராமல் தன் நோயாளிகளுக்குப் பொறுப்பு. 2004 ஒப்பந்தத்தில், ஆறரையிலிருந்து மறுநாள் எட்டு மணி வரையும் வார இறுதியிலும் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள ஜீபீக்களுக்கு வழி கொடுத்தார்கள். வருடத்துக்குச் சுமார் 6,000 பவுணை விட்டுக்கொடுத்துப் பெரும்பாலானோர் விலகினார்கள். களைத்துப் போயிருந்த டொக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் வேலை செய்கிறவருக்கு அன்றிலிருந்து ஒரு கதவு மூடிக்கொண்டது. 2013 இல் பிரதமராக இருந்த டேவிட் கமரன், மாலையிலும் வார இறுதியிலும் சேர்ஜரிகள் திறந்து பார்க்கட்டும் என்று 50 மில்லியன் பவுண் ஒதுக்கினார். அப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிய ஏற்பாடு 2022 ஒக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே விதியாகிவிட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.30 இலிருந்து 8 மணி வரை, சனிக்கிழமை காலை 9 இலிருந்து மாலை 5 வரை. இதற்கு என்ஹான்ஸ்ட் அக்சஸ் என்று பெயர். பழைய ஆட்கள் எக்ஸ்டென்டட் அக்சஸ் என்பார்கள், ரிசப்ஷனில் சிலர் ஹப் அப்பொயின்ட்மென்ட் என்பார்கள். எதைச் சொன்னாலும் அவர்களுக்கு விளங்கும்.

இந்தச் சேவையை ஒவ்வொரு சேர்ஜரியும் தனியாக நடத்துவதில்லை. அக்கம்பக்கத்துச் சேர்ஜரிகள் சேர்ந்து, பெரும்பாலும் முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் பேரைக் கவனிக்கும் ஒரு வலையமைப்பாக இதைச் செய்கின்றன. அதனால் உங்கள் அப்பொயின்ட்மென்ட் வேறொரு சேர்ஜரியில் விழலாம். பஸ்ஸில் நாலைந்து தரிப்பு தள்ளியும் இருக்கலாம். உங்களைப் பார்ப்பவர் டொக்டராகவே இருப்பார் என்றும் இல்லை; நேர்ஸ், மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் இதில் இருக்கிறார்கள். "டொக்டர் இல்லையாம், பிறகேன் போவான்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். முதுகு வலிக்கு நேரே பிசியோவிடம் போய்ச் சேர்வது டொக்டரிடம் காத்திருந்து போவதைவிட நல்லது. பிரஷர் மருந்தைப் பற்றி மருந்தாளரைப் போல ஆறுதலாக இருந்து கதைக்க டொக்டருக்கு நேரம் கிடைக்காது.

இடம் எவ்வளவு இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். விதிப்படி ஆயிரம் பேருக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம். நாற்பதாயிரம் பேர் உள்ள வலையமைப்பு என்றால் கிட்டத்தட்ட நாற்பது மணித்தியாலம். பத்து நிமிடப்படி வெட்டினால் இருநூற்று நாற்பது பேருக்குத்தான் அந்தக் கிழமை இடம். ஆகவே சனிக்கிழமை விடிய எழும்பி "இண்டைக்கு ஏதும் இருக்கோ" என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். இந்த அப்பொயின்ட்மென்டை இரண்டு கிழமைக்கு முன்னரே பதிந்து வைக்கலாம். வருடாந்தப் பரிசோதனை, மருந்து மீளாய்வு, தடுப்பூசி மாதிரி அவசரமில்லாத காரியங்களுக்கு அப்படி முன்கூட்டிக் கேட்பதுதான் சரி.

கேட்கிற விதம் முக்கியம். நம் ஆட்கள் போன் எடுத்து "அப்பொயின்ட்மென்ட் வேணும்" என்று மட்டும் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் நாளைக்குப் பத்தேகால் என்பார். "ஐயோ, வேலை" என்று சொல்லிவிட்டு இவர் போனை வைத்துவிடுவார். அங்கேயே விஷயம் முடிந்து போகிறது. ரிசப்ஷனில் இருப்பவருக்கு நீங்கள் எங்கே, எத்தனை மணி வரை வேலை செய்கிறீர்கள் என்று தெரியாது. எடுத்த எடுப்பிலேயே சொல்லுங்கள்: நான் பகலில் வேலை செய்கிறேன், ஈவினிங் அல்லது சற்றர்டே என்ஹான்ஸ்ட் அக்சஸ் அப்பொயின்ட்மென்ட் இருக்கிறதா? இந்த ஒரு வசனத்துக்கு அவர் வேறொரு பக்கத்தைத் திறந்து பார்ப்பார். இந்தக் கிழமை இல்லை என்றால் அடுத்த கிழமை பார்க்கச் சொல்லுங்கள். வேறு சேர்ஜரிக்கும் போவேன் என்று நீங்களாகவே சொன்னால் இன்னும் வசதி.

என்ன வருத்தம் என்று ரிசப்ஷனில் கேட்டால் கோபப்படாதீர்கள். டொக்டரா, நேர்ஸா, பிசியோவா என்று பிரித்து அனுப்பத்தான் கேட்கிறார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், பெண்களுக்கான விஷயம், பெண் நேர்ஸோடு கதைக்க வேண்டும் என்று சொன்னால் போதும். ஆண்களும் அப்படியே தனிப்பட்ட விஷயம் என்று சொல்லலாம்.

போனில் காத்திருக்க வேலைத்தலத்தில் விட மாட்டார்கள் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2025 ஒக்டோபர் 1 முதல் எல்லாச் சேர்ஜரிகளும் தங்கள் ஒன்லைன் படிவத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை திறந்து வைத்திருக்க வேண்டும். அவசரமில்லாத விஷயத்துக்கு மத்தியானம் மூன்று மணிக்குத் தேத்தண்ணி இடைவேளையில் நின்றும் எழுதி அனுப்பலாம். அதிலேயே "ஆறரைக்குப் பிறகு, இல்லையென்றால் சனிக்கிழமை மட்டும் வர முடியும்" என்று எழுதிவிடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நாளைக்கு எட்டு மணிக்கு எடுங்கோ" என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2023 இலிருந்து ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. யாராவது அப்படிச் சொன்னால் சத்தம் போட வேண்டாம். இன்றைக்கே என் விஷயத்தைப் பதிந்து கொள்ளுங்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

அண்மையில் எங்கள் ஊர் அண்ணை ஒருவரோடு அப்படியொரு மாலை அப்பொயின்ட்மென்டுக்குப் போயிருந்தேன். நெடுங்காலமாகச் சலரோகம். கடையில் பகல் முழுக்க நின்ற நிலை. வருடாந்தப் பரிசோதனைக்கு வரச்சொல்லும் கடிதங்கள் வந்து வந்து சமையலறை லாச்சிக்குள் கிடந்தன. ஏழு மணிக்குப் பிறகுதான் எங்கள் நேரம். சேர்ஜரியின் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் மஞ்சள் வேலைச் சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தார். பள்ளி உடுப்போடு ஒரு பிள்ளை தாயின் மடியில் நித்திரை. பகலில் இந்தக் கதிரைகளில் நான் காணாத முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. இந்த ஏற்பாடு யாருக்குத் தேவை என்று யாராவது கேட்டால் அந்த அறையைப் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

நேர்ஸ் முதலில் கேட்டது, உங்கள் சேர்ஜரியில் இருக்கிற பதிவுகளை நான் பார்க்கலாமா என்றுதான். வேறு இடத்தில் பார்ப்பதால் அனுமதி கேட்பார்கள். ஓம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டி வரும். பிறகு சப்பாத்தையும் மேசையும் கழற்றச் சொன்னார். பென்சில் போன்ற ஒரு பிடியின் முனையில் மெல்லிய நைலோன் இழை ஒன்று இருந்தது. அது வளையும் அளவுக்கு அழுத்தினால் பத்துக் கிராம் பாரம் வரும். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல், சின்னவிரல், உள்ளங்கால் என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொடுவது தெரிகிறபோது ஓம் சொல்ல வேண்டும். "ஓம்... ஓம்... ஓம்." வலது கால் பெருவிரலைத் தொட்டபோது அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. நேர்ஸ் திரும்பவும் தொட்டார். அண்ணை கண்ணை மூடியபடி, அவர் இன்னும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எனக்கு அந்த நேரத்தில் வயிறு கலங்கியது. உணர்வு போன காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. சப்பாத்து கடித்துப் புண் வந்தாலும் தெரியாது. சலரோகத்தில் கால் எடுக்கிற கதைகள் பலதும் அப்படித்தான் தொடங்குகின்றன. நல்லகாலம், அண்ணைக்குப் புண் எதுவும் இருக்கவில்லை. பாத மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் அன்றே எழுதினார்கள். ஒவ்வொரு நாளும் இரவில் காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று நேர்ஸ் சொல்லிக் கொடுத்தார். எல்லாம் ஒரு இருபது நிமிடத்துக்குள். அந்த இருபது நிமிடத்துக்காக அவர் ஒரு மணித்தியாலச் சம்பளத்தைக்கூட இழக்கவில்லை.

தெற்காசிய உடம்புகளுக்கு இரண்டாம் வகைச் சலரோகம் வரும் வாய்ப்பு இங்குள்ள வெள்ளையர்களைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்கு அதிகம். அவர்களுக்கு நாற்பது வயதில் தொடங்கும் கவலை எங்களுக்கு இருபத்தைந்திலேயே தொடங்க வேண்டும் என்கிறார்கள். மாலை அப்பொயின்ட்மென்ட் எங்கள் சனத்துக்குப் பெரிய விஷயம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சலரோகம், பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் வலிக்காத வருத்தங்கள். வலித்தால் யாரும் வேலையை விட்டுவிட்டு ஓடுவார்கள். வலிக்காததற்கு ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட மாட்டார். நாற்பதிலிருந்து எழுபத்துநான்கு வயதுக்குள் இருந்து, இந்த வருத்தங்கள் ஒன்றும் இல்லை என்று பதிவில் இருந்தால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்.எச்.எஸ். ஹெல்த் செக் இலவசம். அதையும் மாலையில் அல்லது சனிக்கிழமையில் கேட்டுப் பாருங்கள். பெண்களுக்கு இருபத்தைந்திலிருந்து அறுபத்துநான்கு வரை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டு, வேலைக்கு ஓடி, சமைத்து முடிக்கிற ஒரு தாய்க்குச் சனிக்கிழமை காலையில் பெண் நேர்ஸிடம் அதைச் செய்யக் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! தங்கச்சிமார், அக்காமார், கடிதம் வந்தால் எறிய வேண்டாம். பெண் நேர்ஸ், சனிக்கிழமை என்று இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இரத்தம் குத்தி எடுப்பதற்கு மாலை நேரம் எப்போதும் சரிவரும் என்றில்லை. எடுத்த இரத்தத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போகிற வண்டி பல இடங்களில் பின்னேரம் ஆகுமுன்னரே வந்து போய்விடும். பதியும்போதே "இரத்தமும் எடுப்பார்களா" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆஸ்பத்திரி இரத்தப் பிரிவில் விடிய வேளைக்கு ஒரு நேரம் எடுத்துக்கொண்டு, முடிவு வந்த பிறகு மாலை அப்பொயின்ட்மென்டுக்குப் போவது நல்லது.

மருந்துக்கும் அப்படியே. டொக்டர் ஏழேமுக்காலுக்கு மருந்து எழுதினால் அது கணினியில் நீங்கள் பதிந்து வைத்த பார்மசிக்குப் போகும். அந்த பார்மசி ஆறு மணிக்கே பூட்டியிருக்கும். அறையை விட்டு வெளிக்கிடுமுன் "இந்தப் பக்கத்தில் பிந்தித் திறந்திருக்கிற பார்மசிக்கு இந்த ஒருமுறை அனுப்புங்கோ" என்று சொல்லுங்கள். செய்து தருவார்கள். மருந்து எடுக்கிற சலரோகக்காரர் எஃப்.பி.92ஏ என்ற படிவத்தைச் சேர்ஜரியில் கேட்டு நிரப்பினால் ஐந்து வருடத்துக்கு எல்லா மருந்தும் இலவசம், சலரோக மருந்து மட்டுமல்ல. ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண் கட்டிக்கொண்டிருந்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அறுபது வயது தாண்டினால் படிவமே தேவையில்லை.

மொழிக்கு வருகிறேன். பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தாயின் வருத்தத்தை மொழிபெயர்க்க வைப்பதை இனியாவது நிறுத்துவோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம். மாலையிலும் சனிக்கிழமையிலும் போனில் எடுத்துத் தருவார்கள். பதியும்போதே சொல்ல வேண்டும். அதோடு இரட்டை நேரம் தரச் சொல்லியும் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்ல நேரம் போகும். நான் சொன்ன அண்ணை என்னை மொழிபெயர்க்கத்தான் கூட்டிக்கொண்டு போனார். நேர்ஸ் போனில் ஒரு தமிழ்ப் பெண்ணை எடுத்து ஸ்பீக்கரில் விட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணை என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் வெளியில இருங்கோ" என்றார். என்னோடு எத்தனையோ வருடப் பழக்கம். ஆனாலும் எனக்கு முன்னால் சொல்ல முடியாத ஏதோ ஒன்றை முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் அவரால் சொல்ல முடிந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இவ்வளவும் இங்கிலாந்துக் கதை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் ஏற்பாடு வேறு. மாலை அப்பொயின்ட்மென்ட் அவசரத்துக்கான இடமும் அல்ல. நெஞ்சு இறுக்கிப் பிடித்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் 999. ஆறரைக்கு முன்னா பின்னா என்று யோசிக்க வேண்டாம். இரவு பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், விடியும் வரை பொறுப்பதா என்று தெரியவில்லை என்றால் 111. இருபத்துநான்கு மணித்தியாலமும் இலவசம். நிறையக் கேள்வி கேட்பார்கள், பாதியில் வைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்விகளின் முடிவில் இரவு டொக்டரிடமோ அவசர சிகிச்சை நிலையத்திலோ அவர்களே நேரம் பதிந்து தரலாம். "தமிழ் இன்ரப்ரிட்டர்" என்ற இரண்டு சொல் போதும், ஆள் எடுத்துத் தருவார்கள். மனம் உடைந்து, இனி முடியாது என்ற நிலையில் இருப்பவர் 111 எடுத்து 2 ஐ அழுத்தலாம். தொண்டை நோ, சைனஸ், பெண்களுக்குச் சிறுநீர் எரிவு போன்ற ஏழு வருத்தங்களுக்கு 2024 ஜனவரி முடிவிலிருந்து பார்மசியிலேயே பார்த்து, தேவையென்றால் அன்டிபயோடிக்கும் தருகிறார்கள். பல பார்மசிகள் சனிக்கிழமையும் திறந்திருக்கும்.

போக முடியாமல் போனால் தயவுசெய்து ரத்துச் செய்யுங்கள். இருநூற்று நாற்பது இடம் என்று மேலே கணக்குச் சொன்னேன். நீங்கள் போகாத இடம் இன்னொரு கடைக்காரரின் இடம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாலை எந்த நாள், சனிக்கிழமை எந்தச் சேர்ஜரி, எந்தச் சேவை என்பதை வலையமைப்பு நோயாளிகளிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு சேர்ஜரியிலும் நோயாளர் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பதும் விதி. நான் எங்கள் சேர்ஜரிக் குழுவில் இருக்கிறேன். சுற்றிவரத் தமிழ்ச் சனம் நிறைந்த இடம். ஆனால் கூட்டத்தில் தமிழ் முகம் அநேகமாக என்னுடையது ஒன்றுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், நல்ல மனிதர்கள், ஆனால் அவர்களுக்குப் பகல் அப்பொயின்ட்மென்ட்தான் வசதி. சனிக்கிழமை காலையில் சலரோகப் பாதப் பரிசோதனையும், அதே நேரத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். தனி ஒருவன் கேட்பதைவிட நாலு பேர் சேர்ந்து கேட்டால் எடுபடும். உங்கள் சேர்ஜரியிலும் குழு இருக்கும். ரிசப்ஷனில் பெயரைக் கொடுங்கள். அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பகலில் வைத்தால், மாலையில் வைக்கச் சொல்லுங்கள்.